சிறு சரக்கு வண்டித் தொட்டியில் கூடுதல் கட்டுவளையங்கள் அமைத்தல்

மாட்டு வண்டியில் வைக்கோலும் கரும்பும் ஏற்றி வந்த காலத்தில் பாரம் கட்டுவதைப் பற்றிக் குடியானவர்கள் தனியாக யோசிக்க வேண்டியிருந்ததில்லை. வண்டியின் இரு ஓரங்களிலும் முளைக்குச்சிகள் வரிசையாக நடப்பட்டிருந்தன. வேண்டிய குச்சியில் கயிற்றைச் சுற்றி இழுத்துக் கட்டுவது சுலபம். வண்டியும் மாட்டின் நடைக்கு மேல் போகாது. இப்பொழுது அநேக கிராமங்களில் அந்த வேலையைப் பிக்கப் வண்டிகள் செய்கின்றன. 2005ஆம் வருஷத்தில் டாட்டா ஏஸ் வெளிவந்தது முதல், ஜனங்கள் ‘குட்டியானை’ என்றழைக்கும் சிறு வண்டிகளும் பெருகிவிட்டன. வேகம் பலமடங்கு ஏறியிருக்கிறது. கயிறு மாட்டும் இடங்களோ முன்னிருந்ததைவிடக் குறைந்திருக்கின்றன.

இவ்வண்டிகளில் தயாரிப்பாளர் வைத்திருக்கும் கொக்கிகள் பெரும்பாலும் தொட்டியின் வெளிப்புற விளிம்பிலேயே உள்ளன. தொட்டி நிறைய மூட்டை அடுக்கி, மேலே தார்ப்பாய் விரித்துக் கயிறு போடுவதற்கு அவை போதும். ஆனால் பாதித் தொட்டியே நிறையும்படியான சரக்கு, பால் கேன்கள், பம்பு செட்டு, பவர் டில்லர் ஆகியவற்றை ஏற்றும்பொழுது தொட்டிக்குள் தரையோடு சேர்த்துக் கட்ட இடமில்லாமல் போகிறது. அப்பொழுது கதவின் கீலிலும், தாழ்ப்பாளிலும், ஓட்டுநர் அறைக்குப் பின்னுள்ள கம்பியிலும் கயிற்றை மாட்டுவது வழக்கமாகிவிட்டது. சில இடங்களில் பாரம் சரியாமல் பிடித்துக் கொள்ளும்படி ஆட்களையே அதன்மேல் உட்கார வைக்கிறார்கள். இது மிகவும் அபாயகரமானது. சரியும் பாரத்தை மனிதனால் பிடிக்க இயலாது. பாரத்தோடு சேர்ந்து அவனும் விழுவான். நான்கு அல்லது ஆறு வளையங்களைத் தக்க இடத்தில் பொருத்திவிட்டால் அந்த ஆளுக்கு அங்கே வேலையில்லை.

பாரம் நகருவதன் காரணம்

ஓடும் வண்டி திடீரென்று நின்றால், அதன்மேலுள்ள பாரம் அதே வேகத்தில் முன்னே போகப் பார்க்கும். பலமாகப் பிரேக் பிடிக்கும்பொழுது பாரம் தன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு பலத்தோடு முன்னோக்கித் தள்ளும் என்றும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் எடையில் பாதியளவு பலத்தோடு தள்ளும் என்றும் கொண்டு கட்டும் முறையைக் கணக்கிடுவது ஐரோப்பிய நாடுகளில் ஏற்கப்பட்ட வழக்கம். இந்நாட்டுச் சாலைகளுக்கும் இக்கணக்கை வைத்துக் கொள்வது உசிதம்.

வளைவுகளில் பக்கவாட்டுத் தள்ளல் வேகத்தோடு எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பது கவனிக்கத் தக்கது. தாளவாடி மலைப்பகுதியில் விளையும் முட்டைக்கோஸ் சத்தியமங்கலத்திற்கு இறங்கி வரும் திம்பம் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வண்டி 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புமானால், பாரம் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான பலத்துடன் வெளிப்பக்கம் தள்ளும். அதே வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் அத்தள்ளல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதிகப்பட்ட வேகம் 5 கிலோமீட்டர் மாத்திரமே. தள்ளும் பலமோ ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேல்.

பாரத்தின் எடையே அதை நிறுத்தி வைக்கும் என்று நினைப்பது தவறு. இரும்புத் தளத்தின்மேல் மண்ணும், ஈரமும், கழிவு இலையும் கிடந்தால் உராய்வு வெகுவாகக் குறைந்துபோகும். வேகத்தடையில் வண்டி குதிக்கும்பொழுது பாரம் ஒரு கணம் தளத்தை விட்டே எழும்புகிறது. அந்தக் கணத்தில் உராய்வு என்பதே இல்லை.

கட்டும் வகைகள் இரண்டு

பாரத்தின் மேலாகக் கயிறு போட்டு அழுத்திக் கட்டுவது ஒரு வகை. பொருளின் பலமான பாகத்திலிருந்தே நான்கு மூலைகளுக்கும் இழுத்துக் கட்டுவது மற்றொரு வகை. இவற்றின் வித்தியாசத்தை ஓர் உதாரணத்தால் அறியலாம்.

ஒரு பவர் டில்லரின் எடை 400 கிலோ என்று வைத்துக் கொள்வோம். பிரேக் பிடிக்கையில் அதை நிறுத்துவதற்கு 320 கிலோ பலம் வேண்டும். தளத்தின் உராய்வு எடையில் பத்தில் மூன்று பங்கானால் அதிலிருந்து கிடைப்பது 120 கிலோ. மீதி 200 கிலோ பலத்தையும் மேலிருந்து அழுத்தியே பெற வேண்டுமானால், கயிறுகள் யாவும் சேர்ந்து ஏறக்குறைய 670 கிலோ பலத்துடன் டில்லரைக் கீழே அழுத்த வேண்டும். கையால் இழுத்துக் கட்டும் கயிற்றில் இது ஆகிற காரியமன்று. அதே டில்லரை நான்கு மூலை வளையங்களுக்கும் சாய்வாக இழுத்துக் கட்டினால், முன்னோக்கிய ஓட்டத்தைப் பின்புறக் கட்டுகள் இரண்டும் நேராகத் தடுக்கின்றன. கட்டு தரையிலிருந்து 45 டிகிரியும், வண்டியின் நீளவாட்டத்திலிருந்து 45 டிகிரியும் சாய்ந்திருந்தால் அதன் இழுப்பில் பாதி முன்னோட்டத்தைத் தடுக்க உதவும். ஆகவே, உராய்வை அறவே கணக்கில் சேர்க்காவிட்டாலும், பின்புறக் கட்டு ஒவ்வொன்றும் 320 கிலோ தாங்கினால் போதும். இதை உத்தேசித்து, வளையத்தில் பொறித்திருக்கும் பாதுகாப்பான பாரம் 500 கிலோவுக்குக் குறையாமல் பார்த்து வாங்குதல் வேண்டும்.

வளையத்தின் பலம் எங்கே இருக்கிறது?

தடித்த வளையமாக வாங்கிவிட்டால் கட்டு பலமாகும் என்று அநேகர் எண்ணுகிறார்கள். உண்மையில் அறுந்து போவது வளையமன்று. அது பொருத்தப்பட்டிருக்கும் தகடே கிழிந்து போகிறது. தலையில் 8.8 என்ற முத்திரையுள்ள 10 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று, நேர் இழுப்பில் 3 டன்னுக்கு மேல் தாங்க வல்லது. ஆனால் மெல்லிய தளத் தகட்டில் ஒரு துளையிட்டு, சிறிய வாஷர் போட்டு அந்தப் போல்ட்டை முடுக்கினால், அதில் ஒரு சிறு பங்கு பலத்திற்கே தகடு மேலே எழும்பி, துளை அகன்று, போல்ட் வாஷரோடு பிய்த்துக் கொண்டு வந்துவிடும். ஆகையால் கட்டுவளையம் அமைப்பதில் முக்கியமான விஷயம், இழுப்பை மெல்லிய தகட்டிலிருந்து கீழேயுள்ள குறுக்குச் சட்டத்திற்குக் கொண்டு சேர்ப்பதேயாகும்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

துளையிடும் முன் வண்டியின் அடியில் படுத்துப் பார்ப்பது அவசியம். எரிபொருள் தொட்டி, பிரேக் குழாய், மின்கம்பி, சக்கரத்தின் மேல்நோக்கிய அசைவுக்கு வேண்டிய இடைவெளி ஆகியவை எங்கெங்கே இருக்கின்றன என்பதைச் சாக்குக்கட்டியால் குறித்துக் கொள்ள வேண்டும். அதன் பின்னர் தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் இடங்களை அளந்து மேல் தளத்தில் கோடு போட்டுக் கொள்ளலாம்.

சுமார் 7 அடி நீளமுள்ள தொட்டிக்கு ஆறு வளையங்கள் போதும். முன்மூலைகளில் இரண்டு, பின்மூலைகளில் இரண்டு, நடுவில் பக்கத்துக்கு ஒன்று. மூலை வளையங்களைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், கை நுழைந்து கொக்கி மாட்டும்படி ஓரத்திலிருந்து நாலைந்து அங்குலம் தள்ளி அமைக்க வேண்டும். நினைத்த இடத்திற்கும் குறுக்குச் சட்டத்திற்கும் சற்று வித்தியாசம் இருந்தால், சட்டம் இருக்கும் இடத்தையே கொள்ள வேண்டும்.

திறந்து மூடும் பக்கக் கதவுகளில் வளையம் பொருத்தலாகாது. அங்கே முழு இழுப்பும் கீலின்மேல் விழும். ஓட்டுநர் அறையின் பின்தகட்டிலும் பொருத்தலாகாது. வண்டியின் முழு எடையையும் தாங்கும் இரு நீளச் சட்டங்களில் எக்காரணத்தைக் கொண்டும் துளையிடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. அங்கே ஏற்படும் சிறு துளையும் நாளடைவில் வெடிப்புக்கு வித்தாகும்.

பொருத்தும் முறை

ஒற்றைத் தண்டுள்ள ஐ போல்ட்டுகள் இதற்கு ஏற்றவையல்ல. அவை நேர் இழுப்புக்கென்று செய்யப்பட்டவை. 45 டிகிரி சாய்வாக இழுத்தால் அவற்றின் தாங்குதிறன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். அடித்தகடும், அதில் இரண்டு போல்ட் துளைகளும், படுத்துக் கொள்ளும் வளையமும் உள்ள வகையே சிலாக்கியமானது. உபயோகமில்லாதபோது வளையம் படுத்துக் கிடப்பதால் மூட்டையைக் கிழிக்காது. ஆட்களின் காலையும் தடுக்காது.

குறுக்குச் சட்டத்தின் இருபுறமும் ஒவ்வொரு போல்ட் இறங்கும்படி துளைகளை இட வேண்டும். அடியில், சட்டத்திற்குக் குறுக்கே 6 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு தாங்குதகட்டை வைத்து, இரு போல்ட்டுகளும் அதன் வழியாக இறங்கி முடுக்கப்பட வேண்டும். இவ்விதம் செய்தால் சட்டத்தில் துளையிட வேண்டியதில்லை. மேலே இழுக்கும் பலம் முழுவதும் தாங்குதகட்டின் வழியாகச் சட்டத்தைச் சேரும். தளத் தகடு மடிப்பு மடிப்பாக இருந்தால், பள்ளத்தில் நிரப்புத் தகடு வைத்து மட்டமாக்கிய பிறகே வளையத்தை அமர்த்த வேண்டும். வண்டியின் அதிர்வில் கழலாத பூட்டு நட்டுகளையே உபயோகிக்க வேண்டும். நட்டைச் சட்டம் நசுங்கும்படி முறுக்குவதும் கெடுதலே.

துளையின் பிசிறை அரத்தால் நீக்கி, வெறும் இரும்பு தெரியும் இடங்களில் ரெட் ஆக்சைடு பூசி, அது காய்ந்த பின்னர் போல்ட்டை மாட்டுக. யூரியாவும் பொட்டாஷும் சாணமும் ஏற்றும் வண்டிகளில், பூச்சில்லாத துளையைச் சுற்றி விரைவில் துருப்பிடிக்கும். பிறகு அந்த வளையத்தை நம்புவதற்கில்லை. வெல்டிங் வைப்பது சுலபமாகத் தோன்றினாலும், மெல்லிய தகட்டை அது எரித்து ஓட்டையாக்குவதோடு அடிப்பூச்சையும் அழித்துவிடும். வெல்டிங் தவிர்க்க முடியாததானால், பாட்டரியின் இணைப்பைக் கழற்றிய பின்னரே அதைத் தேர்ந்த பட்டறைக்காரரைக் கொண்டு செய்விக்க வேண்டும். எரிபொருள் தொட்டிக்கு அருகில் செய்தல் கூடவே கூடாது.

கட்டும்பொழுது கவனிக்க வேண்டியவை

வளையம் அமைந்தபின் கயிற்றில் அசட்டை செய்தால் பட்ட சிரமம் வீணாகும். சைக்கிள் டியூபும் ரப்பர் பட்டையும் இழுபடுவதால் கனமான பொருளைக் கட்ட உதவா. நைலான் கயிறு ஈரத்தில் தளரும். ராட்செட் பெல்ட் சற்று விலை கூடினாலும் நெடுநாள் உழைக்கும். கூர்மையான விளிம்பில் உராயும் இடத்தில் மடித்த சாக்கை வைத்து அதைக் காப்பாற்ற வேண்டும்.

மூட்டைகளையும் கிரேட்டுகளையும் முன்தடுப்போடு இடைவெளியின்றி ஒட்டி அடுக்கினால், முன்னோட்டத்தைத் தடுப்பே தாங்கிக் கொள்ளும். கட்டுகள் பக்கச் சரிவையும் பின்சரிவையும் பார்த்துக் கொள்ளும். மேலாகப் போடும் கட்டு எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறதோ அவ்வளவுக்கு நன்றாக அழுத்தும். தரையிலிருந்து 30 டிகிரி அளவில் படுத்தாற்போலிருந்தால் இழுப்பில் பாதிதான் அழுத்தமாக மாறும். உள்வளையங்கள் பாரத்திற்கு அருகிலேயே இருப்பதால் தாழ்ந்த சரக்கையும் செங்குத்தாகக் கட்ட முடிகிறது. புறப்பட்டுச் சில கிலோமீட்டர் சென்றபின் வண்டியை நிறுத்திக் கட்டுகளை மறுபடி இறுக்குவது நல்லது. குலுக்கலில் மூட்டைகள் அமர்ந்து கயிறு தளர்ந்திருக்கும்.

சில எச்சரிக்கைகள்

வளையங்கள் அதிகமானதால் வண்டியின் தாங்குதிறன் அதிகமாவதில்லை. பதிவுச் சான்றில் குறித்துள்ள எடைக்கு மேல் ஏற்றுவது முன்போலவே குற்றமாகும். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. ஆகையால் தொட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை மாற்றாமலும், வெளியே எதுவும் துருத்திக் கொண்டிராமலும் வேலையை முடிக்க வேண்டும். சந்தேகம் ஏற்படின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக் கொள்வது உசிதம். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியானால் விற்பனையாளரையும் கேட்டுக் கொள்ள வேண்டும்.

புதிதாகப் பொருத்திய வளையங்களின் நட்டுகளை முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை முடுக்கிவிட வேண்டும். பிறகு அறுவடைக் காலத்திற்கு முன்பும், ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவும்பொழுதும் அடியில் புகுந்து பார்த்தால் போதும். வளையத்தைச் சுற்றித் தகடு எழும்பியிருத்தல், துளை நீண்டிருத்தல், துரு பரவியிருத்தல் ஆகிய மூன்றில் ஒன்று காணப்பட்டாலும் அவ்வளையத்தைச் சரிசெய்யும்வரை அதில் பாரம் கட்டலாகாது.

இவ்வேலைக்கு ஒரு நாளும், பழகிய பட்டறைக்காரர் ஒருவரும் இருந்தால் போதும். பின்னால் இருசக்கர வண்டியில் வருபவரின் தலைமேல் மூட்டை விழாதிருக்கவும், பவர் டில்லர் ஓட்டுநரின் முதுகில் மோதாதிருக்கவும், கூலியாள் ஒருவர் பாரத்தின்மேல் உட்கார்ந்து உயிரைப் பணயம் வைக்காதிருக்கவும் அந்த ஒரு நாளைச் செலவிடுவது ஒவ்வொரு வண்டிச் சொந்தக்காரரின் கடமையாகும்.