ஓப்பன்ஸ்டாக் வெளியீட்டுப் பொருத்தம்

ஓப்பன்ஸ்டாக் வெளியீட்டுப் பொருத்தம் என்பது ஓப்பன்ஸ்டாக் என்னும் கட்டற்ற மேகக் கணிமை மென்பொருளை நிறுவும்போது அதன் சேவைகள், அவை சார்ந்துள்ள நிரலகங்கள், சேமிப்பக மென்பொருள், இயங்குதளம் ஆகியவற்றின் பதிப்புகளை ஒன்றோடொன்று இணங்குமாறு தேர்ந்தெடுப்பதைக் குறிக்கும். ஓப்பன்ஸ்டாக் தனியொரு நிரல் அன்று. மெய்நிகர் கணினிகளை இயக்கும் நோவா, அவற்றுக்கு வட்டுகளை வழங்கும் சிண்டர், கோப்புகளைச் சேமிக்கும் சுவிஃப்ட், வட்டுப் படிமங்களைக் காக்கும் கிளான்ஸ், பயனரை அடையாளம் காணும் கீஸ்டோன், வலையமைப்பைக் கவனிக்கும் நியூட்ரான் எனத் தனித்தனியே எழுதப்படும் பல திட்டங்களின் தொகுப்பு ஆகும்.

பெயர்களும் எண்களும்

இத்திட்டத்தை ராக்ஸ்பேஸ் நிறுவனமும் நாசாவும் 2010 ஆம் ஆண்டில் தொடங்கின. ஆஸ்டின் எனப்பட்ட முதல் வெளியீடு அவ்வாண்டு அக்டோபரில் வந்தது. பின்னர் ஆறு மாதங்களுக்கு ஒரு வெளியீடு என்னும் வழக்கம் ஏற்பட்டது. வெளியீடுகளுக்கு ஆங்கில அகரவரிசைப்படி பெயர்கள் இடப்பட்டன. 2022 இல் அவ்வரிசை முடிவுற்றதால், அடுத்தது 2023.1 ஆன்டிலோப் என ஆண்டும் சேர்த்துப் பெயரிடப்பட்டது.

தொடக்கத்தில் பெரும்பாலான திட்டங்கள் 2015.1 என்பது போன்ற பொது எண்ணைக் கொண்டிருந்தன (சுவிஃப்ட் மட்டும் அன்றே தனி எண்ணை வைத்திருந்தது). 2015 அக்டோபரில் வந்த லிபர்ட்டி முதல் ஒவ்வொரு திட்டமும் தனக்கெனப் பதிப்பெண் பெற்றது. இவ்வெண் அத்திட்டம் எத்தனை வெளியீடுகளில் இடம்பெற்றது என்பதிலிருந்து தொடங்கப்பட்டதால், லிபர்ட்டியில் நோவா 12.0, கிளான்ஸ் 11.0, கீஸ்டோன் 8.0, சிண்டர் 7.0 என அமைந்தன. புதிதாக நிறுவுவோர் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். நோவா 12 உம் சிண்டர் 7 உம் பொருந்தாதவை போலத் தோன்றினும் அவையே சரியான இணை. சிண்டர் 12, 2018 இல் வந்த குயீன்ஸ் வெளியீட்டைச் சேர்ந்தது. எனவே எண்ணை அன்றி வெளியீட்டின் பெயரையே ஒப்பிட வேண்டும்.

பொருத்தம் தவறும் இடங்கள்

இச்சேவைகள் பெரும்பாலும் பைத்தான் மொழியில் எழுதப்பட்டவை. ஒரே கணினியில் உள்ளவை நிரலகங்களைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு வெளியீட்டுடனும் சோதிக்கப்பட்ட நிரலகப் பதிப்புகளின் பட்டியல் ஒன்று தரப்படுகிறது. அதைப் புறக்கணித்து அண்மைப் பதிப்புகளை நிறுவினால், ஒரு சேவைக்கு ஏற்றது மற்றொன்றை நிறுத்திவிடக்கூடும். இயங்குதளமும் கணக்கில் வரும். உபுண்டு 22.04 இன் களஞ்சியத்தில் இருப்பது யோகா வெளியீடு. அதே உபுண்டுவில் 2024.1 ஐ நிறுவ, உபுண்டு மேகக் களஞ்சியத்தைத் தனியே சேர்க்க வேண்டும்.

நோவாவின் கட்டுப்பாட்டு வழங்கிகளும் கணிப்பு வழங்கிகளும் செய்தி வரிசை வழியே உரையாடுகின்றன. கணிப்பு வழங்கி ஒரு வெளியீடு பழையதாக இருக்கலாம், புதியதாக இருக்கக்கூடாது. ஆகவே கட்டுப்பாட்டு வழங்கிகளே முதலில் மேம்படுத்தப்படுகின்றன.

எல்லாவற்றிலும் கவனம் வேண்டுவது தரவுத்தளம். மேம்படுத்தும்போது அட்டவணைகளின் அமைப்பு மாற்றப்படுகிறது. அம்மாற்றத்தைப் பின்னோக்கிச் செய்யும் வசதி இல்லை. முன்னரே எடுத்த காப்பு நகலை மீட்பதே ஒரே வழி. நகலுக்குப் பின் உருவாக்கப்பட்ட மெய்நிகர் கணினிகளைப் பற்றி மீட்கப்பட்ட தரவுத்தளம் ஒன்றும் அறியாது.

செஃப் சேமிப்பகம்

சிண்டர், கிளான்ஸ் ஆகியவற்றின் பின்னணியில் பரவலாகப் பயன்படும் செஃப், தனக்கென நாட்காட்டி உடைய வேறொரு திட்டம். அதன் முதல் எண் பெயரின் முதலெழுத்தினது வரிசையைக் குறிக்கும்: குவின்சி 17, ரீஃப் 18, ஸ்குவிட் 19. இரண்டாம் எண் 0 எனில் உருவாக்க நிலை, 1 எனில் வெளியீட்டுக்கு முந்தைய சோதனை நிலை, 2 எனில் நிலைபெற்றது. 19.1 என்பது 18.2 ஐவிடப் பெரிய எண்ணாயினும் தரவை நம்பி ஒப்படைக்கத் தக்கதன்று.

சேமிப்பகம் புதியதாகவும் அதை அணுகும் வாங்கி நிரல் பழையதாகவும் இருந்தாலும் சிக்கல் எழும். தரவை எந்த வட்டில் வைப்பது எனக் கணிக்கும் கிரஷ் நெறிமுறையின் ஜூவல் அமைவுகளுக்கு, லினக்சு கருனி வழியே இணையும் கணினிகளில் கருனி 4.5 அல்லது அதற்குப் பிந்தையது தேவை. அவ்வமைவை இயக்கியதும் பழைய கணினிகளால் இணைய முடியாது. தரவுக்கு ஊறு நேராது. அதை அடையும் வழியே அடைபடும். மேலும், நிரலகத்தைப் புதுப்பித்த பின்னும் ஏற்கனவே இயங்கும் மெய்நிகர் கணினிகள் நினைவகத்தில் உள்ள பழைய நிரலகத்தையே பயன்படுத்தும். அவற்றை நிறுத்தித் தொடங்கினாலோ வேறு வழங்கிக்கு நகர்த்தினாலோதான் புதியது வழக்கிற்கு வரும்.

இடை வெளியீடுகளைத் தாண்டுதல்

முன்னர் ஓப்பன்ஸ்டாக்கில் இடைப்பட்ட ஒவ்வொரு வெளியீட்டையும் கடந்தே மேம்படுத்த வேண்டியிருந்தது. 2023.1 முதல், ஆண்டின் முதல் வெளியீட்டிலிருந்து அடுத்த ஆண்டின் முதல் வெளியீட்டுக்கு நேரே செல்லலாம். 2023.2 இல் இருப்பவர் 2024.1 க்குச் செல்லலாம், 2024.2 க்கு நேரே தாவ இயலாது.