ஆறாம் வகுப்பில் என்னதான் மாறுது? பெற்றோர் கூட்டத்துக்குப் போன ஒரு மாமாவின் குறிப்புகள்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

அக்காவுக்கு ஆபீஸ்ல லீவு கிடைக்கல. அதனால அவளோட பொண்ணு படிக்கிற பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு நான் போனேன். தாய்மாமன்னா காதுகுத்துக்கு மட்டும் போனா போதுமா, இதுக்கும் போகணும் இல்லையா?

பாப்பா ஆறாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். ஐந்தாவது வரை எல்லாத்துலயும் தொண்ணூறுக்கு மேல வாங்கினவ. முதல் பருவத்துல கணக்குல 61. அக்கா ரெண்டு நாளா சரியா சாப்பிடல. "ட்யூஷன்ல போட்டுடலாமா?"ன்னு மாமா கேட்டுட்டு இருந்தார். நானும் அதே மனநிலையிலதான் பள்ளிக்குள்ள போனேன். வெளியே வரும்போது, பிரச்சினையில பாதி நான்தான்னு தெரிஞ்சது. அது எப்படின்னு கடைசியில சொல்றேன்.

ஒரு டீச்சர் போய் அஞ்சு டீச்சர்

தொடக்கப் பள்ளியில பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான் எல்லாப் பாடமும் எடுப்பார். குழந்தை சாப்பிடலைன்னாலும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவார். ஆறாவதுல தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல்னு பெரும்பாலான பள்ளிகள்ல பாடத்துக்கு ஒரு ஆசிரியர். ஒவ்வொருத்தரும் ஒரு பீரியட் வந்துட்டுப் போயிடுவாங்க. எந்த நாள் எந்த நோட்டு, யார் என்ன வீட்டுப்பாடம் கொடுத்தாங்க, எதை எப்போ முடிக்கணும்ங்கிறதை எல்லாம் பதினோரு வயசுப் பிள்ளை தானே ஞாபகம் வெச்சுக்கணும். முதல் சில மாசம் தடுமாறுறது படிப்புல மந்தம்ங்கிறதால இல்ல. இந்த நிர்வாக வேலை அவங்களுக்குப் புதுசு, அவ்வளவுதான்.

61-க்குள்ள என்ன இருக்கு?

நாம படிச்ச காலத்துல காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுன்னு மூணு தேர்வு இருந்தது. 2012-13ல முப்பருவ முறை வந்தது. ஒரு பருவம் முடிஞ்சா அந்தப் புத்தகத்தை மூடி வெச்சிடலாம். ஒவ்வொரு பருவத்துக்கும் பாடத்துக்கு 100 மதிப்பெண். அதுல 60 தொகுத்தறி மதிப்பீடு, அதாவது பருவ முடிவுல எழுதுற தேர்வு. மீதி 40 வளரறி மதிப்பீடு. இந்த 40-ஐயும் ரெண்டாப் பிரிச்சிருக்காங்க. செயல்பாடுகளுக்கு 20, சின்னச் சின்ன எழுத்துத் தேர்வுகளுக்கு 20.

எங்க வேலையில இருக்கிறவங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, தொகுத்தறி மதிப்பீடு ரிலீஸ் மாதிரி, வளரறி மதிப்பீடு கோட் ரிவ்யூ மாதிரி. ரிவ்யூ எதுக்கு? தப்பு இருந்தா முன்னாடியே கண்டுபிடிச்சுத் திருத்தத்தான்.

பாப்பாவோட 61-ஐ டீச்சர் பிரிச்சுக் காட்டினாங்க. செயல்பாடு 20-க்கு 20. சின்னத் தேர்வுகள் 20-க்கு 12. பருவத் தேர்வு 60-க்கு 29. அந்த 20-ஐப் பார்த்ததும் எனக்கு வேர்த்துடுச்சு. ஏன்னா...

சரி, அதை அப்புறம் பார்ப்போம்.

பாடத்துல என்ன மாறுது?

இப்போ இருக்கிற ஆறாம் வகுப்புப் புத்தகங்கள் 2018-ல வந்தவை. முதல் பருவப் புத்தகங்களை உட்கார்ந்து புரட்டினேன். எல்லாப் பாடத்துலயும் ஒரே மாற்றம்தான் தெரியுது. "விடை என்ன?"ங்கிற கேள்வி போய், "உனக்கு எப்படித் தெரியும்?"ங்கிற கேள்வி வருது.

சமூக அறிவியல்ல முதல் பாடமே வரலாறு என்றால் என்னங்கிறதுதான். சிந்துவெளி, பூம்புகார், மதுரை, காஞ்சி எல்லாம் அதுக்கப்புறம் வருது. ஊர் பேரும் வருஷமும் மட்டும் மனப்பாடம் பண்ணினா போதாது. அங்க மக்கள் அப்படி வாழ்ந்தாங்கன்னு எந்தச் சான்றை வெச்சுச் சொல்றோம்ங்கிறது முக்கியம்.

அறிவியல் அளவீடுகள்ல ஆரம்பிக்குது. ஸ்கேலைப் பக்கவாட்டுல இருந்து பார்த்தா அளவு மாறித் தெரியும், அதுக்குப் பேரு இடமாறு தோற்றப் பிழை. இதோட விளக்கத்தை எழுதிப் பத்து தடவை படிக்கலாம். இல்லன்னா ஒரு பென்சிலை ஸ்கேல் மேல வெச்சு, நேரா ஒரு தடவை, சாய்வா ஒரு தடவை பார்க்கலாம். ரெண்டாவது வழிக்கு அரை நிமிஷம்தான் ஆகும், ஆனா மறக்காது.

கணக்குலதான் பெரிய தாவல். ஐந்தாவது வரை ஒரு கட்டம் போட்டு, உள்ளே என்ன எண் வரும்னு கேட்பாங்க. ஆறாவதுல இயற்கணிதம் வருது, கட்டம் இருந்த இடத்துல எழுத்து வந்து உட்காருது. இது சும்மா குறியீடு மாறினது இல்ல. இதுவரைக்கும் எண்களைப் பத்தி யோசிச்ச பிள்ளை, இனி எண்களுக்கு நடுவுல இருக்கிற உறவைப் பத்தி யோசிக்கணும்.

இங்க ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டுல எட்டாவது வரை யாரையும் ஃபெயில் ஆக்கி அதே வகுப்புல நிறுத்துறதில்ல. நல்ல விஷயம்தான், பயத்துல பள்ளியை விட்டுப் போற பிள்ளைகளை இது காப்பாத்துது. ஆனா "எப்படியும் பாஸ்தானே"ன்னு நாமளும் விட்டுட்டா, இந்த வருஷம் விழுந்த ஓட்டை ஒன்பதாவதுல சமன்பாடு வரும்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

அந்த 20 மார்க் யாருது?

இப்போ விஷயத்துக்கு வருவோம். கணக்குச் செயல்பாட்டுக்குத் தீக்குச்சிகளை வெச்சு அமைப்பு உருவாக்கி, ஒரு சார்ட் கொண்டுவரச் சொல்லியிருந்தாங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு அக்கா எனக்கு போன் பண்ணினா. நான் போய், சார்ட் பேப்பர்ல குச்சிகளை ஃபெவிகால் போட்டு அழகா ஒட்டி, கலர் பேனால அட்டவணை போட்டு, பதினோரு மணிக்கு முடிச்சேன். பாப்பா பக்கத்துலயே தூங்கிட்டா.

டீச்சர் என்கிட்ட கேட்டாங்க: "சார்ட் ரொம்ப நல்லா இருந்துச்சு சார். ஆனா அதைப் பத்தி ஒரு கேள்வி கேட்டா அழுதுட்டா. வீட்ல யாரு செஞ்சது?"

நான் வாயே திறக்கல. என் முகத்தைப் பார்த்ததும் அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும். தப்பைக் கண்டுபிடிக்க வெச்ச ரிவ்யூவுல என் கோடைக் கொடுத்துட்டேன். அவளுக்குப் புரியலைங்கிற தகவல் டீச்சருக்குப் போகவே இல்ல. பருவத் தேர்வுல அது 29-ஆ வந்து நின்னுச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் ஒரு தீப்பெட்டியை வாங்கிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். "மாமா கையை வைக்க மாட்டேன், நீயே செய்"னு சொல்லிட்டு உட்கார்ந்தேன். ஒரு சதுரத்துக்கு 4 குச்சி. பக்கத்துல ஒட்டி இன்னொரு சதுரம் வெச்சா மொத்தம் 7. மூணாவதுக்கு 10. "பத்து சதுரத்துக்கு?"ன்னு கேட்டேன். குச்சியை அடுக்க ஆரம்பிச்சவ, பாதியில நிறுத்தினா.

"ஒவ்வொண்ணுக்கும் மூணுதான் மாமா. முதல் சதுரத்துக்கு மட்டும் ஒண்ணு கூட. அப்போ 31."

"நூறு சதுரத்துக்கு?"

"301."

"எத்தனை சதுரம்னு நான் சொல்லவே இல்லன்னா?"

கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் நோட்டுல மூணு எக்ஸ் கூட்டல் ஒண்ணுன்னு எழுதிட்டு, "எக்ஸ்னா எந்த நம்பர் வேணாலும் இருக்கலாமா?"ன்னு கேட்டா. சார்ட்டுக்குப் பத்து மார்க் வாங்கினப்போ அவளுக்குக் கிடைக்காதது அந்தக் கேள்விதான்.

அப்போ நாம என்ன செய்யணும்?

மூணே விஷயம். ஒண்ணு, செயல்பாட்டைப் பிள்ளையே செய்யட்டும். கோணலா இருந்தாலும் அப்படியே போகட்டும். ரெண்டு, மொத்த மார்க்கைப் பார்த்துட்டுக் கையெழுத்து போடாம, 20, 20, 60-ன்னு பிரிச்சுப் பாருங்க. செயல்பாட்டுல நிறைய, எழுத்துத் தேர்வுல குறைவுன்னா, வீட்டுல யாரோ உதவி பண்ணியிருக்கலாம். இல்லன்னா புரிஞ்சதை எழுதத் தெரியாம இருக்கலாம். எதுன்னு பிள்ளைகிட்டயே கேளுங்க. மூணு, பாடத்துக்கு ஒரு ஆசிரியர்ங்கிறதால பிள்ளையை முழுசாப் பார்க்கிற ஆள் இனி வீட்டுலதான் இருக்கணும். "எவ்வளவு மார்க்?"னு கேட்கிறதுக்கு முன்னாடி, "இன்னைக்கு எது புரியல?"ன்னு கேளுங்க.

ட்யூஷன் பேச்சை அக்கா இப்போதைக்குத் தள்ளி வெச்சிருக்கா. ரெண்டாம் பருவச் செயல்பாடு ஒண்ணு போன வாரம் போச்சு. ஒட்டினது கோணல், எழுத்து மேலயும் கீழயுமா இருந்துச்சு. பத்துக்கு ஏழு. டீச்சர் கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாளாம்.

உங்க வீட்டுல அக்கா பிள்ளை, அண்ணன் பிள்ளை யாராவது ஆறாவது போறாங்கன்னா, இந்த எபிசோடை அவங்க அப்பா அம்மாவுக்கு அனுப்புங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு சார்ட் பேப்பர் வாங்க ஓடுற மாமா, சித்திகளுக்கும்தான். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!