குதிடா... குதி!

புனே பக்கத்தில் கடக்வாஸ்லா. அங்கேயிருக்கும் தேசிய பாதுகாப்பு அகாடமியில் சைக்கிள்கூட வரிசையில்தான் போகும். வகுப்புக்கா, குதிரை லாயத்துக்கா... எல்லோரும் சேர்ந்துதான். ஒருத்தன் செயின் கழன்றால் மொத்த வரிசையும் லேட். உடனே அத்தனை பேரும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். 'யார் செயின் கழன்றது?' என்று டிரில் உஸ்தாத் கேட்கவே மாட்டார். அது அவருக்கு அநாவசியம்!

1993-ல் நான் போய்ச் சேர்ந்தபோது என் ஹிந்தி 'நமஸ்தே'யோடு சரி. பக்கத்து அறை ராஜஸ்தான்காரன்தான் எனக்கு அகராதி. பட்டப் பெயர், ஒட்டகம். 'பீச்சே முட்' என்றால் அவன் காலைப் பார்த்து நானும் திரும்புவேன். அவன் தப்பாகத் திரும்பினால் போச்சு... இரண்டு பேருக்கும் குட்டிக்கரணம்!

1955-ல் திறந்த நாளிலிருந்தே தரை, கடல், வான் மூன்று படைக்கும் போகிற பையன்கள் அங்கே ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். மூன்று வருஷம், ஆறு டெர்ம். தேறாதவனுக்கு 'ரெலகேஷன்'. அதாவது, ஆறு மாதம் பின்தங்கி அடுத்த கோர்ஸோடு சேர வேண்டும். ஆறு மாதம்தானே என்பீர்கள். கூட குட்டிக்கரணம் போட்டவனெல்லாம் முன்னே போய்விடுவானே, ஸார்! அதைத்தான் எவனாலும் தாங்க முடியாது.

ஒட்டகத்துக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம். நானோ தாமிரபரணிக்காரன். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை புனேயில் சினிமா பார்க்க, நாங்கள் நீச்சல் குளத்தில். கை காலை எப்படியோ அடிக்கப் பழகிவிட்டான். மிச்சம் இருந்தது பத்து மீட்டர் பலகை.

பரீட்சை அன்று மேலே ஏறியவன் சிலையாகிவிட்டான். உஸ்தாத் இரண்டு தரம் கத்தினார். அசைவில்லை. எனக்கு அவசரத்துக்கு ஹிந்தி வருமா? "குதிடா!" என்று அலறினேன். பஞ்சாபி, மணிப்பூரி, மலையாளி என்று குளத்தைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் அர்த்தம் புரியாமலே "குதிடா! குதிடா!"

'தொபீர்!'

ஏதோ மதராஸி போர் முழக்கம் என்று நினைத்த உஸ்தாத், அடுத்தவனுக்கும் அதையே கத்தச் சொன்னார்.

2025 மே 30-ம் தேதி, அகாடமியில் முழுப் பயிற்சி முடித்த முதல் பெண்கள் பதினேழு பேர் அணிவகுத்து வெளியே வந்தார்கள். டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோனில் ஒட்டகம். இப்போது அவன் பிரிகேடியர். நான் என்றைக்கோ யூனிஃபாரத்தைக் கழற்றியவன்.

"சொல்லுங்க ஸார்..." என்றேன்.

கெட்ட வார்த்தையில் திட்டினான். அதுவும் நான் சொல்லிக் கொடுத்த தமிழில்.