இரு கணினிகளும் ஒரு வடமும்

வங்காள விரிகுடாவுக்கும் அந்தமான் கடலுக்கும் இடையே வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பவை அந்தமான் நிக்கோபார் தீவுகள். தமிழ், வங்காளம், தெலுங்கு, மலையாளம், இந்தி எனப் பல மொழி பேசும் குடும்பங்கள் இங்கு அடுத்தடுத்து வாழ்கின்றன. சென்னைக்கும் இத்தீவுகளின் தலைநகருக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் உண்டு. போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கிய அந்நகரின் பெயர் 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது.

2020ஆம் ஆண்டு வரை இத்தீவுகள் செயற்கைக்கோள் வழியாகவே இணையத்தைப் பெற்றுவந்தன. அவ்வழியின் கொள்ளளவு சிறிது. அதைப் பகிர்ந்துகொள்வோரோ பலர். ஆதலால் ஒரு பாடக் காணொளியைப் பதிவிறக்குவதற்கும் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தகைய இடத்தில், ஒருமுறை அரிதின் முயன்று பெற்ற கோப்பை வீட்டிலுள்ள மற்றொரு கணினிக்கும் அனுப்புவது எப்படி? அதற்கு மீண்டும் இணையம் வேண்டுமா? வேண்டியதில்லை. இரு கணினிகளை ஒரே ஒரு வடத்தால் நேரடியாக இணைத்தால் போதும்.

வடத்தின் அமைப்பு

கணினிகளை இணைக்கும் இம்முறை ஈதர்நெட் எனப்படும். 1973ஆம் ஆண்டு அமெரிக்காவில் செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இராபர்ட் மெட்காஃப் என்பவரும் அவருடைய குழுவினரும் இதனை உருவாக்கினர். இன்று வீடுகளில் பயன்படும் ஈதர்நெட் வடத்தினுள் எட்டுச் செப்புக் கம்பிகள் உள்ளன. அவை நீலம், செம்மஞ்சள், பச்சை, பழுப்பு என நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். அருகிலுள்ள மின்கருவிகளால் உண்டாகும் இடையூறு, முறுக்கிய இரு கம்பிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்குகிறது. கணினி இரு கம்பிகளுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை மட்டுமே படிக்கிறது. ஆகவே, இரண்டிலும் சமமாகப் புகுந்த இடையூறு கணக்கில் சேராமல் நீங்கிவிடுகிறது.

வடத்தின் இரு முனைகளிலும் தெளிந்த நெகிழியாலான செருகிகள் உண்டு. அவற்றைக் கணினியின் பக்கத்திலுள்ள துளையில் செருகும்போது 'டக்' என்னும் ஓசை கேட்கும். செருகி சரியாகப் பூட்டிக்கொண்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

வாயும் செவியும்

இருவர் உரையாடும்போது ஒருவரின் வாயிலிருந்து வரும் சொல் மற்றவரின் செவியை அடைய வேண்டும். கணினிகளுக்கும் இது பொருந்தும். பழைய ஈதர்நெட் முறையில் செருகியின் 1, 2 ஆகிய ஊசிகள் செய்தியை அனுப்பும். 3, 6 ஆகிய ஊசிகள் செய்தியைப் பெறும். இரு முனைகளிலும் கம்பிகள் ஒரே வரிசையில் அமைந்த நேர்வடத்தால் இரு கணினிகளை இணைத்தால், அனுப்பும் ஊசி அனுப்பும் ஊசியையே சென்றடையும். வாயோடு வாயை இணைத்தது போன்ற நிலை அது. கேட்பதற்குச் செவி இராது.

எனவே, அக்காலத்தில் இரு கணினிகளை நேரடியாக இணைப்பதற்குக் குறுக்கு வடம் தேவைப்பட்டது. அவ்வடத்தின் ஒரு முனையில் செம்மஞ்சள் இணையும் பச்சை இணையும் தம்முள் இடம் மாறியிருக்கும். அதனால் ஒன்றின் வாய் மற்றொன்றின் செவியோடு பொருந்தும். இக்காலக் கணினிகளோ எத்தகைய வடம் செருகப்பட்டுள்ளது என்பதைத் தாமே உணர்ந்து, அனுப்பும் வழியையும் பெறும் வழியையும் மாற்றிக்கொள்கின்றன. ஆதலால் கடையில் கிடைக்கும் சாதாரண வடமே போதுமானது.

முகவரி இடுதல்

வடத்தைச் செருகியதும் துளையின் அருகே சிறு விளக்கு ஒளிரும். பாதை அமைந்துவிட்டது என்பதையே அது காட்டுகிறது. ஆயினும், கடிதம் சென்று சேர முகவரி தேவைப்படுவது போல, கணினிக்கும் முகவரி தேவை. அது ஐ.பி. முகவரி எனப்படும். வலையமைப்பு அமைப்புகளைத் திறந்து, முதற்கணினிக்கு 192.168.1.1 என்றும் இரண்டாம் கணினிக்கு 192.168.1.2 என்றும் முகவரி இடலாம். இரண்டிலும் வலை மறைப்பு எண்ணாக 255.255.255.0 என்பதைக் குறிக்க வேண்டும். முகவரியின் முதல் மூன்று பகுதிகள் தெருவின் பெயர் போன்றவை. இறுதிப் பகுதி வீட்டு எண் போன்றது. இரு கணினிகளும் ஒரே தெருவில் இருக்க வேண்டும். ஆனால் வீட்டு எண் வேறாக இருக்க வேண்டும்.

பின்னர் முதற்கணினியில் 'பிங்' என்னும் கட்டளையுடன் இரண்டாம் கணினியின் முகவரியைத் தட்டெழுதினால், 'அங்கே இருக்கிறாயா?' என்று அது வினவும். விடை வந்தால் இணைப்பு நிறைவுற்றது. விடை வராவிடில் மூன்றினைச் சரிபார்க்க வேண்டும்: செருகி நன்றாகப் பூட்டியுள்ளதா? முகவரிகளில் பிழை உள்ளதா? கணினியின் தீயரண் வினாவைத் தடுக்கிறதா?

இதன்பின், பகிர விரும்பும் கோப்புறைக்கு மட்டும் பகிர்வு அனுமதி வழங்க வேண்டும். கணினி முழுவதையும் திறந்துவிடுதல் தகாது. கடவுச்சொல்லால் காக்கப்பட்ட ஒரு கோப்புறையே பாதுகாப்பானது.

எவ்வளவு விரைவு?

1 கிகாபைட் அளவுள்ள கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பைட்டில் எட்டுப் பிட்டுகள் உள்ளன. ஆகவே, அக்கோப்பில் 8,000 மெகாபிட்டுகள் உள்ளன. நொடிக்கு 2 மெகாபிட் செல்லும் இணைய வழியில் அது வந்துசேர 4,000 நொடிகள், அதாவது ஒரு மணி நேரத்திற்கும் மேல் ஆகும். நொடிக்கு 1,000 மெகாபிட் செல்லும் வடத்திலோ எட்டு நொடிகளே கணக்கு. நடைமுறையில் சற்றுக் கூடுதலாகலாம். எனினும் வேறுபாடு பெரிது. மேலும், வடத்தின் வழியே செல்லும் கோப்பு வீட்டைவிட்டு வெளியே செல்வதில்லை. இணையக் கட்டணமும் ஆவதில்லை.

ஆனால் செப்பு வடத்திற்கு ஓர் எல்லை உண்டு. 100 மீட்டருக்கு மேற்பட்டால் குறிப்பலைகள் தேய்ந்து, செய்தி சிதையத் தொடங்கும். அப்படியானால், கடலுக்கு அப்பாலுள்ள கணினியை இணைப்பது எங்ஙனம்?

கடலடியில் ஒரு வடம்

இவ்வினாவிற்கு விடையாக அமைந்ததே சென்னை – அந்தமான் கடலடி வடம். 2018 டிசம்பர் 30 அன்று இதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2020 ஆகஸ்டு 10 அன்று பயன்பாட்டிற்கு வந்தது. இதன் நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். பி.எஸ்.என்.எல். நிறுவனம் இத்திட்டத்தை நிறைவேற்றியது. சென்னையிலிருந்து தலைநகரை அடையும் இவ்வடம், அங்கிருந்து ஸ்வராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகியவற்றையும் இணைக்கிறது.

இதனுள் செய்தியைச் சுமப்பது செம்பன்று. மயிரிழை போன்ற கண்ணாடி. அதனூடே மின்னோட்டத்திற்கு மாறாக ஒளி பாய்கிறது. ஒளி தேயும் இடங்களில் அதற்கு வலுவூட்டும் கருவிகள் வடத்திலேயே பொருத்தப்படுகின்றன. செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், செய்தி மேலே சென்று கீழே வரக் கால் நொடி ஆகிறது. கடலடி வடத்திலோ சென்னையிலிருந்து தலைநகரை அடைய நொடியில் நூறில் ஒரு பங்குகூடத் தேவையில்லை.

நேரடி இணைப்பின் அருமை

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இத்தீவுகளைத் தாக்கியபோது தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. அப்போது தலைநகரில் பாரதி பிரசாத் என்பவரின் தலைமையில் ஹாம் வானொலிக் குழு ஒன்று தங்கியிருந்தது. ஒரு நிலையம் மற்றொரு நிலையத்தோடு நேரடியாகப் பேசும் அவ்வானொலியின் வழியே, உறவினரைத் தேடித் தவித்தவர்களுக்குச் செய்திகள் சென்றன. இடையிலுள்ள பெரிய அமைப்புகள் செயலிழந்த வேளையிலும் இரு முனைகள் தமக்குள் பேசிக்கொள்ள இயன்றது.

வீட்டிலுள்ள சிறு வடமும் கடலடியிலுள்ள பெரு வடமும் ஒரே நெறியில் இயங்குகின்றன. இரு முனைகள், அவற்றிடையே ஒரு பாதை, ஒவ்வொன்றிற்கும் ஒரு முகவரி, இரண்டுக்கும் பொதுவான ஒரு மொழி ஆகிய நான்கும் பொருந்தினால் செய்தி சென்றுசேரும். மேசைமேல் இரு கணினிகளை இணைக்கக் கற்ற மாணவர், உலகை இணைக்கும் வலையின் முதல் கண்ணியை அறிந்தவர் ஆவார்.

பயிற்சி

1. வடத்திலுள்ள கம்பிகள் இணை இணையாக முறுக்கப்படுவது ஏன்?
2. நேர்வடம், குறுக்கு வடம் – வேறுபாடு தருக.
3. நொடிக்கு 100 மெகாபிட் செல்லும் வடத்தில் 1 கிகாபைட் கோப்பு செல்ல எத்தனை நொடிகள் ஆகும்?
4. பிரித்து எழுதுக: செம்மஞ்சள், கடவுச்சொல், அவ்வடம்.
5. பெரியோர் துணையுடன் இரு கணினிகளை இணைத்து, செய்த முறையைப் பத்து வரிகளில் எழுதுக.