வளர்ச்சி ஹார்மோன்: பத்தா, ஏழா?

 வளர்ச்சி ஹார்மோன் சோதனை சிக்கலானது. ஓசூருக்குப் பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். உயரம் குறைந்த குழந்தைக்கு ஒரு ஆய்வகம் கர்நாடகத்திலும் மற்றொன்று தமிழ்நாட்டிலும் அமைவது இங்கே எளிது. அப்படி இரண்டு ஆய்வகங்களில் வாங்கிய ரிப்போர்ட்டுகளில் ஒன்று மில்லிலிட்டருக்கு 8 நானோகிராம் என்றும் மற்றது 11 என்றும் சொன்னால், குறைபாட்டுக்கான வெட்டுக்கோட்டைப் பத்தில் வைக்கும் மருத்துவருக்கு ஒரே குழந்தை ஒரு தாளில் நோயாளி, மறு தாளில் ஆரோக்கியமான பிள்ளை. இதற்கு ஆய்வகத்தின் அலட்சியம் காரணமாக வேண்டியதில்லை. இந்த எண்ணே அத்தகையது என்பதுதான் என் வாதம்.

பிட்யூட்டரி சுரப்பி இந்த ஹார்மோனை இடைவிட்டு, முக்கியமாக ஆழ்ந்த உறக்கத்தில் வெளியிடுகிறது. அதனால் பகலில் ஏதோ ஒரு நேரத்தில் எடுத்த ரத்தம் எதையும் சொல்லாது. குளோனிடின் மாத்திரையோ குளுகோகான் ஊசியோ கொடுத்து, அரை மணிக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, உச்ச அளவைப் பார்க்கிறார்கள். அந்த உச்சமும் உறுதியானதல்ல. ரத்தத்தில் இந்த ஹார்மோன் ஒரே வடிவில் இருப்பதில்லை. எந்த வடிவத்தைப் பிடிப்பது என்பதில் ஒவ்வொரு கருவியின் ஆன்டிபாடியும் வேறுபடுகிறது. பழைய அளவீடுகள் இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்த, அளவை ஒப்பிட்டுச் சரிசெய்ய உதவும் தரப்பொருளைச் சார்ந்திருந்தன. இப்போதையது 98/574 என்ற, மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாரித்த பொருள். நெடுங்காலம் நிலைத்த 10 நானோகிராம் கோட்டை 7-க்கு இறக்கலாம் என்று 2019-ல் பன்னாட்டு நிபுணர் குழு சொன்னது அளவீடு இப்படி மாறியதால்தான். 1994-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று இன்னும் கவலைக்குரியது: இயல்பான உயரமுள்ள, பருவமெய்தாத பிள்ளைகளில் 61 சதவீதம் பேர் மூன்று தூண்டல் சோதனைகள் எதிலும் 7-ஐத் தாண்டவில்லை. ஆரோக்கியமான பிள்ளைகளே தோற்கும் தேர்வு இது.

அப்படியானால் சோதனையே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். வளர்ச்சி வேகம் குறைந்து, ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, சீலியாக் நோய் போன்றவை இல்லையென்று தெரிந்த பிறகு கிடைக்கும் மிகக் குறைந்த உச்சத்துக்கு மதிப்பு உண்டு. பெண்குழந்தைக்கு டர்னர் நோய்க்கான குரோமோசோம் சோதனையும் முன்பே முடிந்திருக்க வேண்டும். வளர்ச்சி வேகத்தைக் கணக்கிடக் காத்திருந்தால் எலும்பு முனைகள் மூடிவிடுமே என்ற அச்சம் நியாயமானது. பிறந்தவுடன் சர்க்கரை தாழ்ந்த குழந்தையும் தலையில் கட்டியோ கதிர்வீச்சோ கண்ட குழந்தையும் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. மற்றவர்களுக்கு அங்கன்வாடிப் பதிவும் பள்ளி மருத்துவக் குழு எழுதிய உயரமும் பழைய ஆண்டுகளின் கணக்கைத் தந்துவிடும். நாலு வயதிலிருந்து பருவமெய்தும்வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வளர வேண்டும். 2021-ன் தேசிய அரிய நோய்க் கொள்கையும் ஹார்மோன் குறைபாட்டைப் பொறுத்தவரை, நிரூபிக்கப்பட்டதற்கே வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சையைப் பட்டியலிட்டிருக்கிறது. பல ஆண்டுகள் ஊசி போட வேண்டிய முடிவை ஒற்றை எண்ணிடம் ஒப்படைப்பது தவறு.

ஷிப்ட் சம்பளத்தை விட்டுவிட்டுக் குழந்தையோடு வரும் பெற்றோரே, ரிப்போர்ட்டில் சோதனை முறையின் பெயரையும் தரப்பொருளையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுசோதனையை அதே ஆய்வகத்தில் செய்யுங்கள். தேதியிட்ட உயரக் குறிப்புகளை மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள்.