ஆடிய மேசை, ஆடாத மேசை

1850களில் பாரிஸ் பெரிய மனிதர்கள் வீட்டுக் கூடங்களில் மேசைகள் ஆடின. விருந்து முடிந்து விளக்கைத் தணித்ததும் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து விரல்களை அதன்மேல் வைப்பார்கள். மேசை சாயும், சுழலும், காலைத் தூக்கித் தரையில் தட்டும். தட்டுகளை எண்ணி எழுத்துக் கூட்டினால் இறந்தவர் பேசுகிறார் என்று அர்த்தம். 1848-இல் அமெரிக்காவின் ஹைட்ஸ்வில் கிராமத்தில் ஃபாக்ஸ் சகோதரிகள் வீட்டில் கேட்ட தட்டல் சத்தம் கடல் தாண்டி வந்து பிடித்த பித்து இது. பாதிப் பேருக்கு அது வெறும் பொழுதுபோக்கு.

அந்தப் பித்திலிருந்து வளர்ந்த, ஆவிகளோடு பேசும் நெறியான ஸ்பிரிட்டிசத்தின் மையம் ஒன்றுக்கு இன்று பிரேசிலில் போனாலும் மேசை உண்டு. ஆனால் அது அசைவதில்லை. வெள்ளைத் துணி விரித்து, கூட்டத்தைப் பார்த்தபடி போட்டிருப்பார்கள். ஊர்மக்கள் இந்த நெறியையே ‘வெள்ளை மேசை’ என்றுதான் சொல்கிறார்கள். ஒருவர் பைபிள் பகுதிக்கு விளக்கம் சொல்வார். பிறகு வந்தவர்களை வரிசையாக உட்காரவைத்து, தலைக்கு மேல் கைகளை மெல்ல இறக்கி ‘பாஸி’ கொடுப்பார்கள். நம் ஊரில் மந்திரிப்பது போலத்தான். வேப்பிலையும் திருநீறும் இல்லை, அவ்வளவே. போகும்போது ஜெபித்த தண்ணீர் ஒரு வாய். பூசாரி கிடையாது, கட்டணம் கிடையாது. பேய்க்கதை கேட்கும் ஆசையோடு போனவருக்கு ஏமாற்றம் நிச்சயம்.

ஆடிய மேசையை அடக்கியவர் ஒரு வாத்தியார். லியோன் நகரில் 1804-இல் பிறந்த ரிவாய், கணக்குக்கும் இலக்கணத்துக்கும் பாடநூல் எழுதியவர். 1855-இல் முதன்முதலாக மேசை ஆடுவதைப் பார்த்தார். மற்றவர்கள் தங்கள் காதலைப் பற்றியும் காணாமல்போன நகையைப் பற்றியும் ஆவிகளிடம் கேட்டுக்கொண்டிருக்க, இவர் வினாத்தாள் தயாரித்துக்கொண்டு போனார். கடவுள் என்றால் என்ன? இறந்தபின் உயிர் எங்கே போகிறது? தட்டலை எண்ணி மாளாது என்று சிறு கூடையில் பென்சிலைச் செருகி, ஆவிகளுக்கு ஊடகமாக இருக்கும் ‘மீடியங்களான’ இளம்பெண்கள் அதன்மேல் விரல் வைக்க, பதில்கள் காகிதத்தில் வந்தன. பிறகு கூடையும் போனது. கையே பென்சிலைப் பிடித்தது. 1857 ஏப்ரல் 18 அன்று 501 கேள்வி பதில்களோடு ‘ஆவிகளின் நூல்’ வெளிவந்தது. ஆசிரியர் பெயர் ஆலன் கர்தெக். முற்பிறவியில் தனக்கிருந்த பெயர் என்று ஓர் ஆவி சொல்ல, அதையே புனைபெயராக வைத்துக்கொண்டார். இங்கிலாந்து, அமெரிக்க ஆவிக்காரர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளாத மறுபிறவியை இவர் தன் கொள்கையின் நடுத்தூணாக நட்டார்.

பிரான்சில் அந்த அலை ஓய்ந்துவிட்டது. பிரேசிலில், பிரெஞ்சு படித்த டாக்டர்களும் வக்கீல்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ரியோவில் 1884-இல் கூட்டமைப்பு உருவானது. மீடியங்கள் ஏழைகளுக்கு இலவசமாக ஹோமியோபதி மருந்துச்சீட்டு எழுதித் தந்தார்கள். எழுதியவர் மறைந்த டாக்டர் என்றார்கள். உயிரோடிருந்த டாக்டர்கள் சும்மா இருப்பார்களா? 1890-இன் தண்டனைச் சட்டம் ஸ்பிரிட்டிசத்தை மாந்திரீகத்தோடு சேர்த்துக் குற்றமாக்கியது. அதே நாடு 1957-இல் கர்தெக் நூலின் நூற்றாண்டுக்குத் தபால்தலை வெளியிட்டது.

இடைப்பட்ட காலத்தில் நடந்த இந்த மாற்றத்துக்கு முக்கியக் காரணம் ஷிக்கோ சேவியர் என்ற மீடியம். மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்துக்காரர், ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர், வேளாண் துறையில் குமாஸ்தா. இடது கையால் கண்ணைப் பொத்திக்கொள்வார். வலது கை ஓடும். எழுதி முடித்த தாளைப் பக்கத்திலிருப்பவர் இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். இப்படி 400-க்கும் மேற்பட்ட நூல்கள். ராயல்டி முழுவதும் தர்மத்துக்கு. மறைந்த எழுத்தாளர் ஒருவரின் பெயரில் இவர் நூல்கள் வெளிவர, அது உண்மையிலேயே என் கணவர் எழுதியது என்றால் பணம் எனக்கு வரவேண்டும் என்று 1944-இல் அந்த எழுத்தாளரின் மனைவி வழக்குப் போட்டார். இறந்தவருக்கு உரிமை எதுவும் இல்லை என்று நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதற்குப்பின் அந்த ஆவி ‘சகோதரர் எக்ஸ்’ என்ற பெயரில் எழுதியது! ஆவிக்கும் சட்ட பயம் உண்டு போலிருக்கிறது.

நூல்களைவிட மக்களை இழுத்தவை, இறந்தவர்கள் பெயரில் சேவியர் எழுதிய கடிதங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் அவர் இருந்த ஊபராபா ஊருக்குப் பஸ் ஏறி வந்தார்கள். நடு இரவு தாண்டி ஒரு பெயர் வாசிக்கப்படும். வீட்டில் மட்டும் கூப்பிடும் செல்லப்பெயர் கடிதத்தில் இருக்கும். முன்பே பேச்சுக்கொடுத்து விவரம் வாங்கியிருப்பார்கள் என்று ஐயப்படுகிறவர்கள் சொன்னார்கள். எனக்கும் அந்த ஐயம் உண்டு. ஆனால் நண்பனின் கையில் துப்பாக்கி வெடித்து 1976-இல் இறந்த ஓர் இளைஞனின் பெயரில் வந்த கடிதம், அது விபத்துதான் என்றது. கோயானியா நீதிபதி அதையும் கணக்கில் எடுத்து 1979-இல் நண்பனை விடுவித்தார். பாரிஸ் மேசைகள் எத்தனை ஆடியும் நீதிமன்றத்தில் இப்படி ஓர் இடத்தைப் பிடிக்கவில்லை.

2002 ஜூன் 30, பிரேசில் ஐந்தாம் முறை உலகக்கோப்பை வென்ற நாளில், சேவியர் இறந்தார். 2010-இல் அவர் நூலான ‘நோசோ லார்’ படமாகித் திரையரங்குகளை நிரப்பியது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில், பத்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 2.2 சதவீதம் பேர் தங்களை ஸ்பிரிட்டிசக்காரர்கள் என்றார்கள். 2022-இல் அது 1.8 சதவீதமாகக் குறைந்தது. படித்தவர்கள் அதிகம் உள்ள கூட்டம் இது. அதே காலத்தில் ஆப்பிரிக்க வேர் கொண்ட மதங்களான உம்பாண்டாவும் காந்தோம்பிளேயும் 0.3-இலிருந்து 1 சதவீதமாக ஏறின.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. உம்பாண்டாக்காரர்கள் சொல்லும் கதைப்படி, 1908 நவம்பரில் நித்தெரோய் நகரின் ஸ்பிரிட்டிசக் கூட்டமொன்றுக்கு ஸேலியோ என்ற பதினேழு வயதுப் பையனை அழைத்துப் போனார்கள். அன்று செவ்விந்தியர், கறுப்பின அடிமைக் கிழவர்களின் ஆவிகள் இறங்கின. இவை வளர்ச்சியடையாத ஆவிகள், வெளியேறட்டும் என்றார் தலைவர். அவர்களையும் பேசவிடும் புதிய வழிபாட்டை மறுநாளே தன் வீட்டில் தொடங்கினான் பையன். முந்தைய நாள் அந்த ஸ்பிரிட்டிசக் கூட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே அவன் யாரிடமும் கேட்காமல் எழுந்து, இங்கே ஒரு பூ குறைகிறது என்று சொல்லித் தோட்டத்துக்குப் போயிருந்தான். திரும்பி வந்து, பறித்த பூவை மேசையின் நடுவில் வைத்தான்.