மெல்ல நடப்பதும்... திடீரென நடப்பதும்!



பூமியின் மேற்பரப்பை மாற்றுவது எது என்று கேட்டால் நம்மில் பலர் சட்டென்று பூகம்பம், எரிமலை, புயல் என்றுதான் சொல்வோம். தலைப்புச் செய்தியில் வருவது இவைதானே! ஆனால் காற்றும் மழையும் ஆறும் அலையும் சத்தம் போடாமல் தினமும் செய்கிற வேலை இவற்றுக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. இரண்டும் கூட்டாகத்தான் வேலை செய்கின்றன. சிவில் பிரிவில் படிக்கும் நான் சொல்ல வருவது இதைத்தான். ஆதாரம் தேடி வெளிநாடு போக வேண்டாம், நம்ம புதுச்சேரியைச் சுற்றியே இருக்கிறது.

முதலில் திருவக்கரை. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெள்ளம் மரங்களை அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்தது. வழியெல்லாம் உருண்டு வந்ததால்தான் அங்கே கிடக்கும் மரங்களுக்குக் கிளையும் இல்லை, இலையும் இல்லை. புதைந்தது திடீரென்று, கல்லானது மெல்ல. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா இம்மி இம்மியாக மரத்துக்குள் புகுந்து அதைக் கல்லாக்கியது. பிறகு மேலே மூடியிருந்த மண்ணை மழைநீர் அரித்து, கல்மரங்களை நம் கண்ணுக்குக் காட்டியது.

அடுத்தது 2004 டிசம்பர் 26. சுமத்ரா அருகே நிலத்தட்டு ஒன்று இன்னொன்றின் அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நுழைந்துகொண்டிருக்கிறது. நம் விரல் நகம் வளரும் வேகம்தான்! ஆனால் தட்டுகள் சிக்கிக்கொண்ட இடத்தில் அழுத்தம் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்தது. அன்று காலை ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குப் பிளவு சில நிமிடங்களில் நழுவியது. கடல்தளம் தூக்கிய தண்ணீர் நம் கரைக்கு வந்தது. காரைக்காலில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள்.

மூன்றாவது, நம் கடற்கரை. இதை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கடற்கரை மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் திரும்பத் தெற்கே போகும். வரவு செலவு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். போகிற மணலுக்கு ஈடாகத் தெற்கிலிருந்து மணல் வரும்வரை கரை கரையாக இருக்கும்.

அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1989இல் துறைமுகத்துக்கான அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டி முடிக்கப்பட்டன. வடக்கே போகிற மணலுக்கு அவை வேலி ஆகிவிட்டன. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. நகரக் கடற்கரையின் மணல் கரைந்துபோய்க் கருங்கல் குவியல்தான் மிஞ்சியது. கல்லைக் கொட்டினால் அந்த இடம் தப்பும், ஆனால் அரிப்பு அடுத்த ஊருக்குப் போகும். வைத்திக்குப்பம் தொடங்கி வடக்கே உள்ள மீனவர் குப்பங்களைக் கேட்டுப் பாருங்கள், வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் இருந்த இடத்தைக் கடல் எப்படி எடுத்துக்கொண்டது என்று சொல்லுவாங்க.

இங்கேதான் புயல் வருகிறது. அகலமான மணற்கரை இருந்தால் புயல் அலை அதன் மேல் ஏறி ஓய்ந்துவிடும். மணல் போன கரையில் அதே அலை வீட்டுச் சுவரில் மோதும். ஜனங்கள் "புயல் வீட்டை இடித்தது" என்பார்கள். உண்மையில் இடிப்பு வேலை பல ஆண்டுகளுக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது.

வழி இல்லாமல் இல்லை. தேங்கும் மணலைத் தோண்டி வடக்கே சேர்ப்பது ஒன்று. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி தலைமைச் செயலகம் அருகே கடலுக்குள் இறக்கப்பட்ட செயற்கைத் திட்டு இன்னொன்று. அதன் பிறகு அங்கே மணல் மீண்டும் சேர்ந்ததை ஊரே பார்த்தது.

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் பாலம் கட்டுவோம், சிலர் துறைமுகம் கட்டுவோம். வரைபடத்தில் புயலின் வேகத்தைக் கணக்கிட மறக்க மாட்டோம். தினமும் நகர்கிற ஒரு கைப்பிடி மணலையும் கணக்கில் சேர்ப்போம்!